பாபு என்றொரு கலப்பு நாய்

தீபாவளிக்கு முந்தின புதன்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் இப்படி எழுதியிருந்தது: “ஐயா, வணக்கம். அடுத்த மாதம் நாய்க்குட்டிகளைத் தத்து கொடுக்க ஒரு முகாம் வைக்கிறோம். எல்லாம் கலப்புக் குட்டிகள். போன முறை வந்தவர்கள் ‘ஒரிஜினல் இல்லையா’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். வீட்டில் வளர்க்கக் கலப்பு நாய் ஏன் நல்லது என்று நீங்கள் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் அச்சடித்துக் கொடுப்போம்.”

எழுதியவர் ஆரணியில் இப்போது பணியில் இருக்கும் இளம் கால்நடை மருத்துவர். நான் அங்கே கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். முதல் பத்தி எளிதாக வந்தது. இரண்டாவது பத்தியில் பாபுவின் ஞாபகம் வந்து பேனா நின்றுவிட்டது. அவர் கேட்ட ஒரு பக்கத்தை எழுதி அனுப்பிவிட்டேன். அதில் சேர்க்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எதை எழுதினாலும் நாளும் கிழமையும் போடுவது என் பழக்கம். கோயில் கல்வெட்டு பார்க்கப் போனாலும் சரி, மழை பெய்தாலும் சரி, குறித்து வைப்பேன். ஆனால் பாபுவின் கதைக்கு ஆண்டைப் போடவில்லை. அந்தக் குடும்பம் இன்னும் அதே தெருவில் அதே தறியில் இருக்கிறது. மனிதர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். நாயின் பெயரை மாற்றவில்லை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பசுவுக்குச் சினை ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள்; கற்றுக்கொண்டேன். அதன்பின் பணிக்காலம் முழுக்க முக்கிய வேலை அதுதான். நாட்டு மாட்டுக்கு ஜெர்சி ஊசி போட்டுக் கலப்பினக் கன்று பிறக்கவைப்பது. கலப்பினம் என்று சொன்னால் விவசாயியின் முகம் மலரும். அதே விவசாயியின் வீட்டு வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். “இது என்ன ஜாதி?” என்று கேட்டால், “அது சும்மா கலப்பு சார்” என்று குரல் இறங்கும். மாட்டுக்குக் கௌரவம் தரும் அதே சொல் நாய்க்கு இழுக்கு. இரண்டையும் ஒரே வாயால் ஒரே மூச்சில் சொல்வதை நான் எத்தனையோ வாசல்களில் கேட்டிருக்கிறேன்.

எங்கள் மாவட்டத்தில் எடத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் உண்டு. கள்ளர்களோடு போரிட்டு இறந்த தன் தலைவனைவிட்டு அகலாமல் நின்ற நாய்க்கும் அந்தக் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்று பொறித்திருக்கிறார்கள். இனம் பொறிக்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது எனக்குத் தோன்றியது, அந்தக் காலத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை போலும் என்று.

களம்பூரில் ஓர் அரிசி ஆலைக்காரர் பெரிய ரோமம் வைத்த பனிநாட்டு நாய் ஒன்று வாங்கினார். குளிர்சாதன அறையில் வைத்திருந்தார். சித்திரை மாதத்தில் ஒரு மதியம் மின்சாரம் போனது. எங்களுக்குப் போன் வந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அது ஈரச் சாக்கின் மேல் செத்துக் கிடந்தது. ஆலை வாசலில் லாரிக்கு அடியில் மூன்று தெரு நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தன. அவற்றுக்கும் அதே வெயில்தான். ஆலைக்காரர் அவற்றைப் பார்த்து, “இதுங்களுக்கு மட்டும் ஒண்ணும் ஆவல பாருங்க சார்” என்றார். கோபத்தில் சொன்னாரா வியப்பில் சொன்னாரா தெரியவில்லை.

கலப்பு நாயின் அருமை அதுதான். நம் வெயிலைத் தாங்கும். நாம் தின்பதைத் தின்னும். தாய் ஒரு பக்கமும் தகப்பன் ஒரு பக்கமும் இழுத்ததில் அதற்கென்று ஓர் உருவம் வந்துவிடும். அதைப்போல இன்னொன்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இதெல்லாம் உண்மை. ஆனால் இந்த உண்மையோடு ஒரு பொய்யும் ஒட்டிக்கொண்டு திரிகிறது. கலப்பு நாய்க்கு நோயே வராது, அதனால் ஊசியும் வேண்டாம் என்பது. வெயிலைத் தாங்குகிற உடம்புக்கு வெறிநோயைத் தாங்கத் தெரியாது. எந்த உடம்புக்கும் தெரியாது.

இனி டாக்டரம்மாவைப் பற்றி. பெயர் தனலட்சுமி என்று வைத்துக்கொள்ளலாம். நான் பணிசெய்த மருத்துவர்களில் அவரிடம்தான் அதிகம் கற்றேன், அவர் எதையும் கற்றுக்கொடுக்காமலேயே. குரலை உயர்த்த மாட்டார். யார் வந்தாலும் பிராணியைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்பார். யாரையாவது கடித்ததா, கடைசியாக என்ன தின்றது, ஊசி எப்போது போட்டது. பதில் வரும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வழக்கமாக எல்லோரும் தெரு நாய் என்றால் பதிவேட்டில் ‘இனம் அறியப்படாதது’ என்று எழுதிவிடுவோம். அவர் அதை அடித்துவிட்டு, “கலப்புன்னு எழுதுங்க. அறியப்படாம ஏன் போச்சு? எதிர்லதானே நிக்குது” என்பார்.

எச்சில் ஒழுகும் வாய்க்குள் யாருடைய கையும் போகக்கூடாது என்பது அவருடைய சட்டம். காரணத்தை ஒரே ஒரு முறை சொன்னார். முன்பு வேலை பார்த்த ஊரில், எலும்பு மாட்டியிருக்கிறது என்று நினைத்து ஒரு உதவியாளர் நாயின் வாயில் கைவிட்டாராம். எலும்பு இல்லை. அந்த உதவியாளரும் இப்போது இல்லை. அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டார்.

பாபுவின் தாய் நெசவாளர் தெருவில் திரிந்த செவலை நாய். தகப்பன் நகைக்கடைக்காரர் வீட்டு வெள்ளைப் பொமரேனியன் என்று தெருவே சொல்லும். செவலை உடம்பு, நரி மாதிரி நீண்ட மூக்கு, பின்னால் மட்டும் வெள்ளைப் பஞ்சைக் கட்டிவிட்டதுபோல் வால். “உடம்பு ஆரணி, வாலு மட்டும் ஃபாரின் சார்” என்பார் எதிர்வீட்டு ஆட்டோ சேகர். வளர்த்தவர் மல்லிகா. பட்டுத்தறி நெய்கிறவர். கணவர் சரவணன் களம்பூரில் ஆலை வேலைக்குப் போகிறவர். குழந்தை இல்லை. பாபுவைத் தறி அறையில் மட்டும் விடமாட்டார்கள். முடி உதிர்ந்து பட்டில் ஒட்டும். அதுவும் வாசற்படியில் மூக்கை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு, மல்லிகா நெய்து முடிக்கும்வரை படுத்திருக்கும்.

அந்தத் தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன், நீளவாட்டு நூல் முழுவதையும் தெருவின் குறுக்குக் கழிகளில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்துக் காயவைக்கும் வேலை. கஞ்சி வாசனைக்கு ஆடு வரும், கோழி வரும். ஒரு இழை அறுந்தாலும் முடிச்சுப் போட்டு மாளாது. பாபு பாவுக்கு அடியில் ஒருநாளும் நுழைந்ததில்லை. ஒரு முனையில் படுத்திருக்கும், ஆடு தலையைக் காட்டினால் எழுந்து நிற்கும், குரைக்காது. யாரும் பழக்கவில்லை. நான் தடுப்பூசி முகாமுக்கு அந்தத் தெருவுக்குப் போனபோது என் கண்ணால் பார்த்தேன்.

அந்த முகாமுக்கு பாபு வரவில்லை. அதற்கு முந்தின வருடம் வந்து ஊசி போட்டுக்கொண்டது. இந்த முறை சரவணன், “கலப்பு சார் அது, அதுக்கு இன்னா வரப்போவுது. ஞாயித்துக்கிழம இட்டாறேன்” என்றார். அந்த ஞாயிறு அவருக்கு ஆலையில் வேலை இருந்தது.

ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சேகரின் ஆட்டோவில் பாபுவைச் சாக்கு போர்த்தி ஏற்றிக்கொண்டு மல்லிகா வந்தார். கீழ்த்தாடை தொங்கிக்கொண்டிருந்தது. எச்சில் கயிறுபோல் இறங்கிக்கொண்டிருந்தது.

“நேத்து ராத்திரிலருந்து வாய மூட மாட்டேங்குது டாக்டரம்மா. தண்ணி வச்சா கிட்ட போவுது, குடிக்க முடியல. கால வச்சி வாயப் பறாண்டுது. தொண்டைல இன்னாவோ மாட்டிகினு கீது.”

டாக்டரம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “உன் கையில என்னம்மா துணி?”

மல்லிகா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். “ஒண்ணுமில்ல. வாயத் தொறந்து பாத்தேன். பல்லு பட்டிச்சி. கடிக்கல. பாபு கடிக்காதுங்க.”

“முதல்ல குழாய்க்கு வா.”

நாயை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு, அந்தக் கையைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவவைத்தார். பக்கத்திலேயே நின்றார். மல்லிகா பாதியில் திரும்பித் திரும்பி ஆட்டோவைப் பார்த்தார். “நாய நான் பாத்துக்கறேன். நீ கைய பாரு” என்றார் டாக்டரம்மா. பிறகு அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி, அன்றைக்கே முதல் ஊசி போட்டாக வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் இரண்டாவது கேள்வி.

“கடைசியா என்ன சாப்பிட்டது?”

“கஞ்சிதான். பாவுக்குப் போட்டு மிச்சம் இருந்த கஞ்சி. எப்பவும் அதான ஊத்துவேன். வீணா சாக்கடைல ஊத்தறதுக்கு அது குடிச்சிட்டுப் போவுதுன்னு.”

அந்தத் தெருவில் நாய் வைத்திருக்கும் எல்லோரும் செய்வதுதான். தோய்த்து மீந்த கஞ்சியில் அறுந்த இழைகள் மிதக்கும். விரலால் எடுத்துப் போட்டுவிட்டு ஊற்றுவார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாகத்தான் நினைப்பார்கள்.

“நூல் சுத்தியிருக்கலாம். நாக்கடியில மாட்டி, மீதி வயித்துக்குள்ள போயிருந்தா இப்படித்தான் ஆகும்” என்றார் டாக்டரம்மா. மல்லிகாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. “அப்ப எடுத்துடுங்க!”

“வெறி வந்தாலும் இப்படித்தான் ஆகும். தாடை தொங்கும், எச்சில் வரும். பாத்தா வித்தியாசம் தெரியாது. உன் கையில பல்லு பட்டிருக்கு, இந்த வருஷ ஊசியும் போடல. இப்ப நான் தொடக்கூடாது. கட்டிவெச்சுக் கவனிக்கணும். பத்து நாள் உயிரோட இருந்தா வெறி இல்லை.”

“பத்து நாளு தண்ணி இல்லாம எப்படிங்க இருக்கும்?”

நூல் என்றால் காத்திருப்பது பாபுவைக் கொல்லும். வெறி என்றால் காத்திருக்காமல் கைவைப்பது எங்களில் ஒருவரைக் கொல்லும். இதுதான் அந்த நாய்க்கு முன்னால் நாங்கள் நின்ற நிலை.

எங்கள் கால்நடை மருத்துவமனைக்குப் பின்னால் பழைய தீவனக் கொட்டகை ஒன்று இருந்தது. கம்பிக் கதவு. நீளக் கழியில் சுருக்குப் போட்டு பாபுவை அங்கே விட்டோம். மயக்க ஊசி போட்டுப் பார்த்தால் என்ன என்று நான் கேட்டேன். அவரும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். திருவண்ணாமலையில் இருந்த மேலதிகாரிக்குப் போன் போட்டார். ஒரு பெண்ணின் மேல் பல் பட்டிருக்கும்போது தொடாதீர்கள், கவனியுங்கள் என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு என்னிடம், “அவர் சொல்றது சரிதான். நானா இருந்தாலும் அதான் சொல்லுவேன்” என்றார். ஆனால் அன்று மாலை ஒரு நாற்காலியைக் கொட்டகை வாசலில் போட்டுக்கொண்டு, கையில் டார்ச்சோடு உட்கார்ந்தார். நாய் தலையைத் தூக்கும்போதெல்லாம் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வீங்கிய நாக்கு எல்லாவற்றையும் மறைத்தது. இருட்டும்வரை அப்படியே இருந்தார்.

மல்லிகா தினமும் வந்தார். ஊசி நாளில் அரசு மருத்துவமனை, அங்கிருந்து நேராக இங்கே. கம்பிக் கதவிலிருந்து தள்ளி உட்கார்ந்து, “பாபு, இன்னாடா” என்பார். முதல் இரண்டு நாள் அந்த வெள்ளை வால் தரையைத் தட்டியது.

“பாருங்க, என்ன அடையாளம் தெரிது. வெறி புடிச்சதுக்கு அடையாளம் தெரியுமா?” என்று என்னைக் கேட்டார்.

சில நாய்களுக்குக் கடைசிவரை தெரியும் என்று எனக்குத் தெரியும். “டாக்டரம்மாவ கேளும்மா” என்றேன்.

மூன்றாம் நாள் சரவணனும் வந்தார். அவர் கம்பிக் கதவு பக்கமே போகவில்லை. “நான்தான சார் முகாமுக்கு இட்டாறல” என்று என்னிடம் சொன்னார். மல்லிகா அவரைத் திரும்பிப் பார்க்காமல், “இப்ப சொல்லி இன்னா பிரயோசனம்” என்றார்.

நான்காம் நாள் காலை நான் போய்க் கதவு வழியே பார்த்தபோது பாபு சுவரை ஒட்டிப் படுத்திருந்தது. கூப்பிட்டேன். வால் அசையவில்லை.

வெறி என்ற சந்தேகத்தில் இறந்த நாயின் மூளையை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். டாக்டரம்மா இரண்டு கையுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டினார். கண்ணாடி, முகக்கவசம், ரப்பர் முன்னுடை. எனக்கும் அப்படியே. டார்ச் பிடிக்கச் சொன்னார். வேலையைத் தொடங்கும் முன், யாரும் கேட்காமலேயே, நீண்ட இடுக்கியால் நாக்கைத் தூக்கினார்.

நாக்கின் அடிவேரில் அரக்கு நிறத்தில் ஓர் இழை. சதையை அறுத்துக்கொண்டு உள்ளே புதைந்திருந்தது. மறுமுனை தொண்டைக்குள் போயிற்று.

இடுக்கியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நாக்கைக் கீழே விட்டுவிட்டு மற்ற வேலையை முறைப்படி செய்தார். மாதிரியை இரண்டாகப் பிரித்தார். ஒன்று பனிக்கட்டியில், ஒன்று, பனி உருகினாலும் கெடாதிருக்க, கிளிசரின் புட்டியில். வயிற்றைத் திறக்கவில்லை. சந்தேகம் உள்ள உடலை அங்கே திறக்கக்கூடாது. ஆழமாகக் குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

மல்லிகா வெளியில் புங்க மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். சொல்லாமலே விட்டிருக்கலாம். டாக்டரம்மா கையைக் கழுவிவிட்டு நேராக அவரிடம் போனார்.

“நாக்கடியில நூல் இருந்தது மல்லிகா.”

“இன்னா கலரு?”

“அரக்கு.”

மல்லிகா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என் பாவுதான். எங்க தெருவுல இப்ப அரக்கு நான் மட்டும்தான் போட்டுகினு கீறேன்.” பிறகு கேட்டார்: “அப்ப வெறி இல்லியா?”

“தெரியாது. வெறி வந்த நாய் கண்டதையும் விழுங்கும். கல்லு, குச்சி, நூல். நூலால இப்படி ஆச்சா, இப்படி ஆனதால நூலைத் தின்னுச்சான்னு மூளையப் பாத்தாதான் சொல்ல முடியும். முடிவு வந்ததும் சொல்றேன்.”

“அன்னிக்கே எடுத்துடுங்கன்னு கெஞ்சினேனே.”

“ஆமா. கெஞ்சினே.”

ஊசியை முழுசாகப் போட்டு முடிக்க வேண்டும் என்று மட்டும் டாக்டரம்மா சொன்னார்.

மறுவாரம் சேகர் என்னைப் பார்த்து, “சார், எங்க தெருவுல பாபு ஜாதி இன்னும் மூணு கீது. ஜனங்க பயப்படுது. ஒரே பேஜாரா கீது” என்றார். ஊசி போடுகிறேன், கொண்டு வாருங்கள் என்றேன். மறுநாள் மருந்துப் பெட்டியோடு போனேன். மூன்றையும் காணவில்லை. ஆட்டோவில் ஏற்றிக் கமண்டல நாகநதிக்கு அப்பால் விட்டுவிட்டதாக யாரோ சொன்னார்கள். சேகரைக் கேட்டேன். “தெருவே கூடி சொல்லிச்சி சார். நான் இன்னா பண்றது” என்றார். நகைக்கடைக்காரரின் பொமரேனியன் அதே தெருக்கோடியில் பால்கனியில் நின்று குரைத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

பாபு இறந்த அன்றே மாதிரிகளை நானே ஆரணி பேருந்து நிலையத்திலிருந்து சென்னைக்குக் கொண்டுபோய் ஆய்வகத்தில் கொடுத்தேன். வழியில் பேருந்து பழுதாகி வெயிலில் நெடுநேரம் நின்றது. சில வாரங்கள் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: மாதிரி அழுகியிருந்ததால் பரிசோதிக்க இயலவில்லை. அது பனிக்கட்டியில் வைத்த மாதிரியைப் பற்றிய பதில். கிளிசரின் புட்டியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. டாக்டரம்மா இரண்டு முறை எழுதிக் கேட்டார். பிறகு அவருக்கு இடமாற்றம் வந்தது. போகும்போது, “நீங்க விடாம கேளுங்க” என்றார். கேட்டேன். நேரில் ஒரு முறை போனேன். இரண்டு மாதிரி வந்ததாகப் பதிவு இருக்கிறது என்றார்கள். இரண்டாவதைப் பார்த்தார்களா என்று சொல்லத் தெரிந்தவர் அன்று அங்கே இல்லை.

மல்லிகா நலமாக இருக்கிறார். அதை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது. ஊசிகளை முறைப்படி போட்டுக்கொண்டவர் நலமாக இருப்பது, நாய்க்கு வெறி இல்லை என்பதற்குச் சாட்சியாகாது. அவர் இப்போதும் நெய்கிறார். பாவு நீட்டும் நாட்களில் ஆட்டை விரட்ட அவரே முனையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். நாய் வளர்க்கவில்லை.

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கடைத்தெருவில் எதிர்ப்படுவார். “முடிவு வந்துச்சா சார்?” என்று கேட்பார். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும். போன பங்குனியில் கேட்டபோது, “வந்தா இன்னா தெரியணும்னு நினைக்கிறம்மா?” என்று நான் திருப்பிக் கேட்டுவிட்டேன்.

“வெறின்னு வந்தா நல்லது சார்” என்றார். “என் கஞ்சியால சாவலன்னு இருக்கும்.”

பாபுவுக்கு வெறிநோய் இருந்ததா என்பது இதை எழுதும்வரை உறுதி செய்யப்படவில்லை. கிளிசரின் புட்டியில் இருந்த மாதிரி பரிசோதிக்கப்பட்டதா என்பதும் எனக்குத் தெரியாது.